ஐந்தாம் நாளில் நின்ற உழிச்சில்

உழிச்சில் என்றால் சுகமாகப் படுத்துக்கொண்டு யாரையாவது எண்ணெய் தேய்த்துவிடச் சொல்வது என்று இப்போதெல்லாம் பேசுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எனக்கு இருபத்திரண்டு வயதில், மலையாள வைத்தியத்தில் எண்ணெய் பூசி உடம்பை நீவும் அந்த உழிச்சில் நடந்தது. ஏழு நாள் நடக்க வேண்டியது, ஐந்தாம் நாள் காலையில் நின்றுபோனது. நின்றதற்கு வீட்டிலும் ஊரிலும் ஒரு காரணம் சொன்னார்கள். அதற்குப் பின்னால் இருந்த உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். அதை இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

பாலக்காட்டுச் சீமையில் பெருமாட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். ஒரு கிணறு, நாற்பது ஐம்பது தென்னை, அதற்கப்பால் நிலக்கடலையும் ராகியும். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, மூன்றே பேர். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு நான் அம்மிணி. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு தடவை வயிற்றில் தங்கி இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது.

அந்த வருஷம் பங்குனியில், சமையலறைக்கு மேலே சாமான் போடும் அட்டாலியிலிருந்து ராகிப் பானையை இறக்கும்போது ஏணி சறுக்கியது. ஆட்டுக்கல்லின் மேல் வலது தோள் அடிபட விழுந்தேன். எலும்பு கட்டுகிறவர் வந்து உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பத்தைந்து நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. எழுப்பப் பார்த்தால் உயிர் போய் வந்தது.

தோட்டத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு வலது கை இல்லை என்றால் அவள் பாதி ஆள்கூட இல்லை. குடம் தூக்க முடியாது, உலக்கை பிடிக்க முடியாது, சோற்றைப் பிசைந்து வாய்வரை கொண்டுபோக முடியாது. இடது கையில் சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்ததால் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சாப்பிட்டேன். என் நாத்தனார் ஒரு நாள் வந்தவள், “எங்கண்ணன் பாவம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தை ஒரு மாதம் என் காதில் கிடந்து குடைந்தது. பிள்ளையும் இல்லை, கையும் இல்லை என்றால் அடுத்து அவளுடைய பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

வைகாசிக் கடைசியில் மறுபடியும் எனக்குத் தீட்டு நின்றது. அத்தைதான் முதலில் கண்டுபிடித்தார். அவருக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. முன்பு இரண்டு தடவையும் சேதி தெரிந்த மறுநாளே அவர் ஊரெல்லாம் சொல்லிக் கருப்பட்டி கொடுத்திருந்தார். அதனால்தான் கண் பட்டுப் போயிற்று என்பது அவர் தீர்மானம். இந்தத் தடவை மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

“அஞ்சு மாசம் தாண்டற வரைக்கும் இந்த ஊட்டு வாய் எதுவும் வெளியாளுகிட்டச் சொல்லறதில்லைன்னு ஆத்தாளுக்கு வாக்குக் குடுத்திருக்கறேன் அம்மிணி. உன்ற அம்மாகிட்டக்கூட மூச்சு உடக்கூடாது. சொன்னா இதுவும் போயிரும்.”

நான் தலையை ஆட்டினேன். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. இரண்டு போயிருந்தது, இதுவும் போகும் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். எனக்கு வேண்டியது கை.

ஆடி பிறந்ததும் என் வீட்டுக்காரர் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியச்சியை அழைத்து வந்தார். உழிச்சிலுக்கு ஆடிதான் ஏற்ற மாதம் என்பது மலையாளத்தார் வழக்கம். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளை முண்டு, ஒட்ட நறுக்கிய நகங்கள், என் வீட்டுக்காரரின் கையைவிடப் பெரிய கைகள். தோளில் ஒரு துணிமூட்டை, அதற்குள் முறிவெண்ணெய் நிறைந்த ஜாடி, அவர்கள் பேச்சில் பரணி. சிரிப்பே கிடையாது. எங்கள் வீட்டில் தங்கி ஏழு நாளும் செய்து முடிப்பதாகப் பேச்சு. கையை மட்டும் நீவிவிட்டுப் போவார் என்று அத்தையும் நானும் நினைத்திருந்தோம்.

வந்ததும் கை வைப்பார் என்று பார்த்தால், வைக்கவில்லை. உள்ளறையில் என்னை உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொன்னார். காய்ச்சல் உண்டா, பசி உண்டா, ராத்திரி தூக்கம் உண்டா என்று கேட்டார். இரண்டு தோளையும் தொட்டு அளந்தார். பிறகு, வீட்டுப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, நடக்கப்போவதைச் சொன்னார். காலையில் வெறும் வயிறு. மேலுக்கு ஒரு துண்டுத் துணி மட்டும்தான் இருக்கும், வெட்கப்பட்டால் வேலை நடக்காது. எண்ணெய் சூடாக இருக்கும், சுடாது. முடிந்தபின் வெந்நீரில் குளி, அதற்குப்பின் கஞ்சி. பகல் தூக்கம் கூடாது. மறுநாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும், பயப்படக் கூடாது.

“வலிச்சா பறயணும், கேட்டோ மோளே? பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்கிறது எனக்கு இஷ்டமில்ல. நீ பறஞ்சாத்தான் என் கைக்குத் தெரியும்.”

அதற்குப் பிறகுதான், தீட்டு நின்றிருக்கிறதா என்ற அந்தக் கேள்வி வந்தது. குரலைத் தாழ்த்தாமல், உப்பு இருக்கா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

“குளி தப்பியிருக்கா?”

அத்தை கதவோரம் நின்றிருந்தார். மஞ்சள் துணி அவர் முந்தானையில் முடிந்திருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவர் என்ன செய்திருக்க முடியும்? சொன்னால் வேண்டுதல் போச்சு.

ஆனால் நான் அப்போது வேண்டுதலை நினைக்கவே இல்லை. ஆமாம் என்று சொன்னால் இவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார், கை இப்படியே நின்றுவிடும், இதுதான் என் தலைக்குள் ஓடியது.

“இல்லீங்க. போன வாரம்தான் தலைக்கு ஊத்துனேனுங்க” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு எண்ணெயைச் சூடாக்கப் போனார். இடுப்பு, வயிறு என்றெல்லாம் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தோளைத்தானே நீவப்போகிறார், பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் தலையும் கழுத்தும் கையும். அவருடைய கட்டைவிரல் என் தோள்மூட்டின் பின்னால் ஓர் இடத்தில் போய் நின்றபோது நான் அலறிவிட்டேன். அவர் நிறுத்தினார். நான் மூச்சு விட்டதும் அதே இடத்துக்கு மறுபடியும் வந்தார். முடிந்து எழுந்தபோது கைகால் கழன்றதுபோல் இருந்தது. வெளியே ஆடிக் காற்று தென்னைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டு, தூங்கக் கூடாது என்பதால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் கை மார்புவரை வந்தது. அன்று முதுகிலும் கை வைத்தார். அத்தை வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தவர், முதுகு என்றதும் எழுந்து வந்து கதவோரம் நின்றார்.

“கைக்குத்தானுங்க சொகமில்ல, முதுகெதுக்குங்க?” என்று கேட்டார்.

“கை எவ்விடெ தொங்குது? முதுகிலல்லே? முதுகு இடுப்பில் நிக்குது. காலிலிருந்து தலை வரைக்கும் ஒண்ணாச் செஞ்சாத்தான் அது எறங்கும்” என்றார் வைத்தியச்சி. அத்தை என்னைப் பார்த்தார். நான் கவிழ்ந்து படுத்திருந்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை உழிச்சில் முடிந்து குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்றேன். குங்குமச் சிமிழை எடுத்தேன். வலது கை நடுங்கிக்கொண்டே மேலே வந்தது. தாடை தாண்டியது, மூக்கு தாண்டியது, நெற்றிக்கு வந்தது. பொட்டு கோணலாகத்தான் இருந்தது. நான் அழுதேன். நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. அத்தையும் பார்த்தார், அவரும் அழுதார். ஆனால் எதற்காக என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் வைத்தியச்சி மீதியைச் சொன்னார். மறுநாள் உழிச்சில் கிடையாது. காலையில் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். ஐந்தாம் நாள் முதல் உத்தரத்தில் கயிறு கட்டி, அதை அவர் பிடித்துக்கொண்டு, எண்ணெய் பூசிய காலால் என் முதுகையும் இடுப்பையும் நீவுவார். கையால் கொடுக்க முடியாத அழுத்தத்தைக் கால் கொடுக்கும். ஏழாம் நாள் என் கை தலைக்கு மேல் போகும் என்றார். அவர் சும்மா அடித்துச் சொல்கிற ஆள் இல்லை, அதனால் நான் நம்பினேன்.

அடுப்படியில் அத்தையும் நானும் தனியாக நின்றோம். விளக்கெண்ணெயும் பேதியும், அதற்கு மேல் இடுப்பில் மிதியும். எந்தக் கர்ப்பம் அதைத் தாங்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

“அம்மிணி” என்றார் அத்தை.

“என்னங்க அத்தை?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். முந்தானை முடிச்சைத் தடவினார். “ஒண்ணுமில்ல. உப்பெடு” என்றார்.

அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். சொன்னால் அம்மன் எடுத்துக்கொள்வாள், சொல்லாவிட்டால் கயிறு எடுத்துக்கொள்ளும் என்று அவர் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார். அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் நெற்றிவரை வந்த கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி நானே சொல்லக் கூசுகிற இடம் இது.

நாலாம் நாள் விடிந்ததும் அத்தை விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். நான் கையை நீட்டினேன். அவர் கிண்ணத்தை விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு பேரும் பேசாமல் ஒரு கிண்ணத்தை இழுத்துக்கொண்டிருந்தோம். பிறகு அத்தை வெடுக்கென்று பிடுங்கி, அடுப்புச் சாம்பலில் கவிழ்த்துவிட்டு, காலிக் கிண்ணத்தை என் கையில் திணித்தார்.

மத்தியானம் வைத்தியச்சி கேட்டார்: “வயிறு எளகிச்சா?”

“நாலு தடவை போச்சுங்க” என்றேன்.

எதற்காக அப்படிச் சொன்னேன்? குடிக்கவில்லை என்று சொன்னால் ஐந்தாம் நாள் தள்ளிப்போகும், அதற்குள் யாராவது வாயைத் திறந்துவிடுவார்கள் என்ற பயம். எனக்குக் கயிறு வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் விடிவதற்குள் மாடு பார்க்கச் சந்தைக்குப் போய்விட்டார். வைத்தியச்சியே உத்தரத்தில் கயிற்றை வீசிக் கட்டினார், இழுத்துப் பார்த்தார், திருப்திப்பட்டார். கீழே பாய். பாயின் மேல் நான், குப்புற. விளக்குக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, என் முதுகு முழுவதும் எண்ணெய் ஊற்றினார். இடுப்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி, எங்கே கால் வைப்பது என்று பார்த்தார்.

“இடுப்பில் பாரம் வரும். மூச்சைப் பிடிக்காதே. நான் செரின்னு பறஞ்சா மூச்சு விடணும்” என்றார்.

தன் உள்ளங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்ள அவர் அடுப்பங்கரைப் பக்கம் போனார். பாயின் மேல் நான் மட்டும் இருந்தேன். வயிற்றுக்கடியில் தரை சில்லென்று இருந்தது. இப்போதாவது சொல், எழுந்து உட்கார் என்று எனக்குள் ஏதோ சொன்னது. கொஞ்சம் பொறு, ஒரு கால் வைக்கட்டும் என்று இன்னொன்று சொன்னது.

தலைக்கு மேல் கரகரவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தை குத்துரலைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று, அரிவாளால் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். உதட்டை உள்ளுக்கு மடித்துக் கடித்திருந்தார், வாய் தப்பித் தவறித் திறந்துவிடக் கூடாது என்று. கயிறு அறுந்து என் முதுகின் மேல் விழுந்தது.

வைத்தியச்சி ஓடிவந்தார். “எந்தா இது? பைத்தியமா பிடிச்சது?”

அத்தை அரிவாளைக் கீழே போட்டார். இறங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். வைத்தியச்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக வந்து என்னைத் திருப்பிப் போட்டு, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார்.

“எத்தன மாசம்?”

“ரெண்டு முடிஞ்சு பதினஞ்சு நாளுங்க.”

அத்தையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வேண்டுதல் உடைந்துவிட்டது, அதுவும் என் வாயால்.

வைத்தியச்சி எழுந்து போய்க் கையையும் காலையும் சீயக்காய் போட்டுக் கழுவினார். திரும்பி வந்து பரணியை மூடித் துணியால் கட்டினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“நான் மிதிச்சு இது போயிருந்தா, நாளைக்கு ஊரு எந்தா பறயும்? அவ காலால் கொன்னான்னு பறயும். நான் பின்னே ஒருத்தியைத் தொட முடியுமா?” என்றார். பரணியை மூட்டைக்குள் வைத்தார். “முதல் நாள் பறஞ்சிருந்தா கையை மாத்திரம் மெதுவாச் செஞ்சிருப்பேன். மிச்சத்தைப் பிரசவம் கழிஞ்சு வந்து முடிச்சிருப்பேன். அதுக்கு வேற முறை உண்டு. எதுக்கு மோளே நீ பறயல?”

அப்படி ஒரு முறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் அத்தையைப் பார்த்தேன்.

வைத்தியச்சியும் அத்தையின் பக்கம் திரும்பினார். மாமியாருக்குப் பயந்த மருமகள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அத்தையும் அப்படியேதான் எடுத்துக்கொண்டார். “நான்தானுங்க… நான்தான் சொல்லக் கூடாதுன்னு…” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அதைத் தடுக்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. இடுப்பு லேசாக வலித்தாலும் இதோ இதுவும் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். அத்தை நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருவார், என் புடவையைப் பார்ப்பார். மூன்றாம் மாதம் தாண்டியது. நாலாவது பிறந்த அன்று எனக்கு முதல் தடவையாக, இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அன்றுதான் எனக்குப் பயமும் வந்தது, நான் செய்யவிருந்ததை நினைத்து.

மாசியில் பெண் பிறந்தாள். ஆறு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் சித்தூர்ப் பக்கம் போய் வைத்தியச்சியைக் கூப்பிட்டார். பொய் சொன்ன உடம்பின் மேல் தன் கை போகாது என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குள் நெற்றிக்கு வந்த கை மறுபடியும் இறங்கி மார்போடு நின்றிருந்தது. பாலக்காட்டிலிருந்து வேறு ஒருவர் வந்து பார்த்தார். எலும்பு இறுகிவிட்டது, இனி நீவிப் பயனில்லை என்றார். இன்றுவரை அது அங்கேதான் நிற்கிறது.

அத்தை அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தார். அத்தனை வருஷமும் காலையில் அவர்தான் எனக்குத் தலை வாரிவிட்டார். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, கொண்டை போட்டு, பூவும் வைத்துவிடுவார். மாமியார் மருமகளுக்குத் தலை வாரிவிடுவதை ஊரில் கேலி செய்தார்கள். “என்ற வேண்டுதலாலதான் அவ கை போச்சு. நான் வாராம ஆரு வாருவாங்க?” என்று அவர்களிடம் சொல்வார். நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இல்லை அத்தை, உங்கள் வேண்டுதலுக்காக நான் வாயை மூடவில்லை, எனக்குக் கை வேண்டும், பிள்ளை போனாலும் பரவாயில்லை என்று மூடினேன் என்று சொல்லப் பல நாள் வாய்வரை வந்தது. என் மகள் எதிரே விளையாடிக்கொண்டிருப்பாள். எப்படிச் சொல்வது?

கடைசியில் அத்தைக்கு வயிற்றில் கட்டி வந்து படுத்தார். ஒரு நாள் மத்தியானம் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மகள் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அத்தை என் வலது கையைத் தொட்டார்.

“அம்மிணி, என்னால உன்ற கை போச்சு. நீ ஒரு நாளும் ஒரு சொல்லுச் சொன்னதில்ல. என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. நிம்மதியாப் போயிருவேன்.”

என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மன்னிச்சுட்டேனுங்க அத்தை” என்றேன்.